பின்வளவில் காட்டுத் தாரா: பாண் போடலாமா, கூடாதா?

மார்ச் 27, கனடாவின் ஏஜாக்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டது

"பனி கரைந்து எங்கள் பின்வளவுப் புல்லில் குளம் மாதிரித் தண்ணீர் நிற்கிறது. மூன்று நாளாகக் காலையில் ஒரு சோடி காட்டுத் தாரா வந்து நீந்துகிறது. ஆணுக்குப் பச்சைத் தலை, பேடு மண்ணிறம். பிள்ளைகளுக்கு ஒரே புளுகம், பாண் போடச் சொல்லி நிற்கிறார்கள். அவர் சொல்கிறார், ஒருநாள் போட்டால் பிறகு நாங்கள்தான் தீனி போட்டு வளர்க்க வேண்டிவரும் என்று. இதுகள் இங்கேயே தங்குமா? முட்டை இடுமா? பிள்ளைகள் கிட்டப் போனால் கொத்துமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ."

மார்ச் 27, இரவு

போடாதீர்கள். உங்கள் அவர் சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். மற்றப் பாதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில். ஐந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு சோடி வந்தது. முதலில் காய்ந்த பாண் துண்டு போட்டேன், பிறகு மிஞ்சின சோறு, பிறகு அதுகளுக்கென்றே கடையில் பாண் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாலாகி, நாலு பதினொன்றாகி, ஏப்ரல் கடைசியில் விடியப்புறம் ஐந்தரைக்கே குசினிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்று கத்தின. அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். பிறகு தாரா தின்று விட்ட மிச்சத்துக்கு எலி வந்தது. எலிக்கு ஆள் கூப்பிட்டு நூற்றுக்கணக்கில் காசு கொடுத்தேன். பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவின் நீச்சல் குள மூடி முழுக்க எச்சம். அந்த மனிசன் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பாணில் தாராவுக்கு வேண்டிய சத்து அவ்வளவாகக் கிடையாது. வயிறு நிரம்பிவிடும், அவ்வளவுதான். வயிறு நிரம்பினது புழு, நத்தை, புல்விதை என்று தேடிப் போகாது. மிஞ்சினது தண்ணீரில் ஊறிப் பாசி பிடிக்கும். இன்னொன்று, ரொறன்ரோவில் 2023 ஏப்ரலிலிருந்து சொந்த வளவுக்குள்ளேயும் காட்டு விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று நகரசபை விதி வந்துவிட்டது. குருவிகளுக்குத் தொங்கவிடுகிற தீனிக்கூடு மாதிரிச் சிலதுக்கு மட்டும் விலக்கு. ஏஜாக்ஸ் வேறு நகரசபை, அங்கே என்ன விதி என்று ஒருக்கால் பாருங்கள்.

மார்ச் 28

நேற்று பாணோடு நித்திரை வந்துவிட்டது. மற்றக் கேள்விகள்.

தங்குமா? அந்தத் தண்ணீர் வற்றும் வரைக்கும் வரும். இப்போது பேடு கூடு கட்ட இடம் பார்க்கிற நேரம். ஆண் கூடவே காவல் நிற்கும், குஞ்சு பொரிக்கும் வரைக்கும் நிற்கும். வானத்தில் மூன்று தாரா ஒன்றையொன்று கலைத்துப் பறப்பதைப் பார்த்தால், முன்னால் போவது பேடு, பின்னால் வருகிற இரண்டில் ஒன்று அதன் சோடி, மற்றது யாரோ ஒரு வில்லங்கம் பிடித்தவர்.

கொத்துமா? கொத்தாது, கிட்டப் போக முதலே பறந்துவிடும். கழுத்து நீண்ட பெரிய கனடா வாத்துத்தான் சீறிக்கொண்டு செட்டையால் அடிக்க வரும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் ஊரில் தாரா என்றால் நீங்கள் வாத்து என்கிறது. எங்களுக்கு வாத்து என்றால் அந்தப் பெரியது. போன வருடம் இந்தக் கருத்துக்களத்திலேயே முப்பது பதிவு சண்டை போட்டார்கள், திரும்பத் தொடங்க வேண்டாம்.)

இது மல்லார்ட். ஊரில் வளர்க்கிற தாராவுக்கும் இதுதான் முப்பாட்டன், மஸ்கோவி ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள வளர்ப்புத் தாரா எல்லாம் இதிலிருந்து வந்தவை. அதனால்தான் அம்மம்மா சொல்லித் தந்தது இங்கேயும் பலிக்கிறது. வாலில் இரண்டு இறகு மேலே சுருண்டிருந்தால் ஆண். குஞ்சாக இருக்கும்போது வால் தெரியாது, கொஞ்சம் வளர்ந்த பிறகு தூக்கிப் பிடித்துக் கத்த விடுவா. உரத்துக் "குவாக் குவாக்" என்று வளவைத் தூக்கினால் பேடு. தொண்டை கட்டின மாதிரிக் கரகரத்தால் ஆண். மல்லார்ட்டும் அப்படியேதான், அந்தப் பெரிய சத்தம் எல்லாம் பேட்டினுடையது. இதைச் சொன்னால் வீட்டில் வேறு கதை வரும் என்பதால் இதோடு விடுகிறேன்.

ஏப்ரல் 4

பனி. திரும்பவும். நாலு அங்குலம். தாரா இல்லை, ஒன்றும் இல்லை. பின்வளவில் ஒரு றொபின் குருவி மட்டும் வயிற்றைப் புடைத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்ட ஆள் மாதிரி நிற்கிறது.

ஏப்ரல் 10

பனி போய்விட்டது. ஏஜாக்ஸ் அக்கா, உங்கள் தாரா திரும்பி வந்ததா?

பிரம்டனிலிருந்து ஒரு தம்பி, ஸ்பிரிங் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது, காலண்டரையா என்று கேட்டிருந்தார். காலண்டர் இந்த நாட்டில் பொய். நான் காதைத்தான் நம்புகிறேன். மார்ச் முதல் பாதியிலேயே மழைநீர்க் குளத்துக் காய்ந்த கோரையில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட கறுப்புக் குருவி வந்து, துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தத்தில் கத்தத் தொடங்கும். முதலில் வருவது ஆண்கள் மட்டும். இடம் பிடித்து வைத்துவிட்டுப் பேடு வரும்வரை காத்திருப்பார்கள். (கொழும்பிலிருந்து முதல் வந்து இறங்கி பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்த எங்கள் அண்ணன்மாரை நினைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு றொபின் விடியப்புறம் இருட்டோடு பாடும். வின்ரர் முழுக்க மங்கலாகத் திரிந்த கோல்ட்பின்ச் இப்போது திட்டுத் திட்டாக மஞ்சளாகிறது, பாதி பெயின்ற் அடித்த சுவர் போல. சாம்பல் நிற ஜங்கோ வடக்கே போய்விடும். அது எங்களுக்கு வின்ரர் விருந்தாளி, அதற்கு இதுவே தெற்கு.

மே வந்தால் தேரை. யாரும் தவளை என்று நினைக்க மாட்டார்கள், அரை நிமிடம் இழுத்து ஒரே சுருதியில் போகும், கடல் தாண்டி வந்தபிறகு நான் கேட்ட மிக வடிவான சத்தம் அதுதான்.

ஏப்ரல் 17

கேள்வி கேட்டவர் நீங்கள், முட்டை என் வளவில்!

போன வருடத்துப் பாகற்காய்ப் பந்தலை நான் வெட்டவில்லை. பஞ்சி. கொடி காய்ந்து, பந்தல் ஒரு பக்கம் சரிந்து, நிலத்தோடு ஒரு குகை மாதிரிக் கிடக்கிறது. மனைவி ஒக்டோபரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறா. இன்று ஒருவழியாகக் கத்தரிக்கோலோடு போய்க் குனிந்தால், கோப்பையளவு பள்ளத்தில் காய்ந்த இலைக்குக் கீழே மூன்று முட்டை. பச்சை கலந்த வெளிர் நிறம். கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பந்தலை வெட்டாததற்கு ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.

பேடு பக்கத்தில் இல்லை. கைவிட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு முட்டை, இட்டு மூடிவிட்டுப் போய்விடும்.

நாளுக்கு ஒன்று என்றால் முதல் முட்டை 15 ஆம் திகதி. அடை 28 நாள். மே 13 க்குக் குஞ்சு. காலண்டரில் எழுதியாயிற்று.

ஏப்ரல் 18

பிரம்டன் தம்பி: "அண்ணை, பத்து முட்டை, ஒரு தாரா, உறைப்பாக ஒரு பிரட்டல்."

தம்பி, 1994 ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வேர் 1916 இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தம். மல்லார்ட்டின் முட்டையைத் தொட்டாலோ கூட்டை இடம் மாற்றினாலோ குற்றம், உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும். இலையுதிர் காலத்தில் உரிமம் எடுத்து வேட்டையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை. "நாங்களும் புலம்பெயர்ந்தவர்கள்தானே, எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லையா" என்கிற பகிடியை இதற்குள் நாலு பேர் எழுதிவிட்டீர்கள். போதும்.

ஊரில் தாரா முட்டையை வாடை என்று பாதிப் பேர் தொடமாட்டார்கள். மூலவருத்தக்காரருக்கு என்று அவித்துக் கொடுப்பதோடு சரி.

ஏப்ரல் 26

பெரிய பிழை விட்டிருக்கிறேன். மார்க்கம் நகரிலிருந்து ஒரு அக்கா சுட்டிக்காட்டினா. மே 13 இல்லை.

முட்டை இடத் தொடங்கின நாளிலிருந்து 28 நாள் எண்ணக் கூடாது. பேடு எல்லா முட்டையும் இட்டு முடித்த பிறகுதான் அடைக்கு இருக்கும். அதுவரைக்கும் முட்டை குளிரில் சும்மா கிடக்கும், உள்ளே எதுவும் தொடங்காது. அதனால்தான் பத்து நாள் வித்தியாசத்தில் இட்ட முட்டையெல்லாம் ஒரே நாளில் பொரிக்கின்றன. மேல்மாடி யன்னலிலிருந்து மகளின் தொலைநோக்கியால் பார்த்தோம், 24 ஆம் திகதி பத்தாவது. அன்று பின்னேரத்திலிருந்து எழும்பவில்லை. ஆகவே மே 22.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அம்மம்மா தாரா முட்டையைக் கோழிக்குத்தான் அடை வைப்பா, வளர்ப்புத் தாரா பலது ஒழுங்காக அடை இருக்காது என்று. முட்டையைச் சேர்த்துச் சேர்த்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்து ஒரே நாளில்தான் வைப்பா. கோழிக்கு 21 நாள், தாராவுக்கு 28. பாவம் அந்தக் கோழி, நாலாவது கிழமை சலித்துப்போய் எழும்பப் பார்க்கும், அம்மம்மா கடகத்தால் மூடி அமத்திவிடுவா. பொரித்து மூன்றாம் நாள் குஞ்சுகள் கிணற்றடி வாய்க்காலுக்குள் இறங்கி நீந்தும்போது அந்தக் கோழி கரையில் நின்று போட்ட கூப்பாடு இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் சிரித்தோம். இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் இங்கே பிறந்ததுகள். சிரிப்பு அவ்வளவாக வருவதில்லை.

மே 3

முந்தநாள் இரவு, முட்டை தின்கிற றக்கூன் என்ற விலங்கு பந்தலுக்குக் கிட்டத் திரிந்த கால் அடையாளம். அந்தரத்தில் கடைக்கு ஓடி, அசைந்தால் எரிகிற லைற் ஒன்று வாங்கி வேலியில் பூட்டினேன். இரவு முழுக்க அது காற்றுக்கும் முயலுக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் எரிந்து எரிந்து அணைந்தது. விடிய ஒன்றரைக்குப் பேடு கூட்டை விட்டுப் பறந்துவிட்டது. நாலு பாகை குளிர். நான் யன்னலடியில் நின்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிபோல் திரும்பி வந்து உட்கார்ந்தது. விடிந்ததும் லைற்றைக் கழற்றிவிட்டேன்.

எனக்கு நானே சொன்ன ஆறுதல்: அடை இருக்கிற பேடு வழமையாகவே நாளுக்கு ஒன்றிரண்டு தடவை எழும்பிப் போய்த் தின்று குடித்துவிட்டு வரும். போகும்போது தன் நெஞ்சிலிருந்து பிடுங்கின பஞ்சு இறகால் முட்டையை மூடிவிட்டுத்தான் போகும். அன்று வெருண்டு போனதால் மூடவில்லை. இரண்டரை மணி நேரம் திறந்து கிடந்தது. என்ன ஆகுமோ தெரியாது.

கூட்டுக்குக் கிட்ட நாங்கள் போய்ப் போய்ப் பார்த்தால் மனித வாடைக்குத் தாய் விட்டுவிடும் என்கிறதைச் சிலர் எழுதியிருந்தீர்கள். வாடையால் இல்லை. அடிக்கடி கலைத்தால் விட்டுவிடும். அதைவிட, நாங்கள் புல்லை மிதித்துப் போட்ட பாதை றக்கூனுக்கு வழிகாட்டும். எங்கள் கால்தடம்தான் அந்த றக்கூனைக் கூட்டி வந்திருக்கும் என்று இப்போது சந்தேகம். மகளுக்குச் சொன்னேன், இனி மேல்மாடி யன்னல் மட்டும்.

மே 7

மார்ச் 28 இல் நான் எழுதினதைத் திருத்துகிறேன். ஆண் குஞ்சு பொரிக்கும் வரை காவல் நிற்கும் என்றேன். பச்சைத் தலையரை ஐந்து நாளாகக் காணவில்லை. அடை தொடங்கிக் கொஞ்ச நாளில் ஆண் போய்விடும், இது எல்லா மல்லார்ட்டும் செய்வது. மழைநீர்க் குளத்தில் நாலைந்து ஆண்கள் ஒன்றாக வெய்யில் காய்கிறார்கள், எங்கள் ஆள் அதில் ஒருத்தர் என்று நினைக்கிறேன். மார்க்கம் அக்கா எழுதினது: "இதற்கு ஆராய்ச்சி தேவையா தம்பி, எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள்." பதில் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு நியாயம் அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பச்சைத் தலை கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். பேடு காய்ந்த பாகற்கொடிக்குள் இருக்கும்போது எனக்கே, இடம் தெரிந்தும், கண்டுபிடிக்க அரை நிமிடம் செல்கிறது.

மே 11

தாரா இருக்கட்டும். புல் வெட்டுகிறவர்கள் கவனிக்க: வெட்ட முதல் வளவை ஒருதடவை நடந்து பாருங்கள். முயல் திறந்த புல்தரை நடுவிலேயே ஒரு சிறு பள்ளம் தோண்டி, காய்ந்த புல்லாலும் தன் வயிற்று மயிராலும் மூடி, அதற்குள் குட்டி போடும். மேலே பார்த்தால் புல்லில் ஒரு வாடின திட்டு, அவ்வளவுதான். நேற்று அப்படி ஒன்றை மெசின் போவதற்கு ஒரு முழத்துக்கு முன் கண்டேன். நாலு குட்டி, கட்டைவிரல் மொத்தம்.

தாய் இல்லை, அநாதை என்று பெட்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். தாய் வேண்டுமென்றே தள்ளி நிற்கும். விடியலிலும் மைம்மலிலும் ஐந்து நிமிடம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். சந்தேகம் இருந்தால் கூட்டுக்கு மேலே நூலைச் சிலுவை மாதிரிப் போட்டுவிட்டு அடுத்த நாள் பாருங்கள், நூல் கலைந்திருந்தால் தாய் வந்திருக்கிறது. எனக்குக் கலைந்திருந்தது. இரண்டு மூன்று கிழமைக்குள் குட்டிகள் தாமாகப் போய்விடும். அதுவரை அந்தப் பக்கத்துப் புல் வளரட்டும். டாண்டிலைன் பூத்தாலும் பூக்கட்டும், தேனீக்கு அது உதவும். தெருக்காரர் என்ன நினைப்பார்கள் என்று என் மனைவி கேட்டா. முன்பக்கம் வெட்டியிருக்கிறேன்.

ட்ரில்லியம் பூ பிடுங்கினால் சிறை என்று ஒருவர் எழுதியிருந்தார். இருபது வருடமாக நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வெருட்டினேன். 1937 இலிருந்து ஒன்ராறியோவின் மாகாணப் பூ என்பது சரி. ஆனால் எல்லா இடத்திலும் பிடுங்கத் தடை என்று ஒரு பொதுச் சட்டம் இல்லை, மாகாணப் பூங்கா, பாதுகாப்புக் காடு மாதிரி இடங்களில்தான் தடை. சொந்த வளவில் பூத்தால் சட்டம் உங்களைத் தேடி வராது. ஆனாலும் பிடுங்காதீர்கள். விதையிலிருந்து வந்த ட்ரில்லியம் முதல் பூ பூக்க ஏழு வருடமும் செல்லும், அதற்கு மேலும் செல்லும். (பிள்ளைகளுக்கு நான் இன்னும் திருத்திச் சொல்லவில்லை.)

மே 18

விக்டோரியா நாள். இங்கே மண்ணில் கன்று நடுகிற நாள், இதற்கு முதல் நட்டுப் பனியில் கருக விட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். யன்னலடியில் வளர்ந்த மிளகாயும் கத்தரியும் காத்திருக்கின்றன, வின்ரரை வீட்டுக்குள் கழித்த கறிவேப்பிலையும் முருங்கையும் சட்டியோடு வெளியே போக வேண்டும். கத்தரிப் பாத்தி பந்தலுக்கு நேர் முன்னால். நாலு நாள் பொறுக்கச் சொன்னேன். "ஒரு தாராவுக்காக நாலு நாள், நான் கேட்டதற்கு ஆறு மாதம்" என்று பதில் வந்தது.

இன்னொரு வில்லங்கம். இத்தாலியத் தாத்தா இன்று நீச்சல் குளத்தைத் திறந்துவிட்டார். எங்கள் வேலிக்குக் கீழே நாலு அங்குல இடைவெளி. குஞ்சுக்கு அது படலை மாதிரி. குளத்து விளிம்பு தண்ணீரிலிருந்து அரை அடி உயரம், தாய் பறந்து ஏறும், குஞ்சு ஏறாது, நீந்தி நீந்திக் களைத்துச் செத்துவிடும். ஒரு பெட்டி மாம்பழத்தோடு போய்க் கதைத்தேன். திரும்ப மூட மாட்டேன், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றார். ஆனால் ஒரு பலகை வைக்கச் சம்மதம். மாம்பழம் நல்ல இனிப்பு என்று பின்னேரம் வேலிக்கு மேலால் சொன்னார். ஐந்து வருடத்துப் பாண் கணக்கு இதோடு தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மே 22

பொரித்துவிட்டது. மத்தியானம் பேட்டின் செட்டைக்குக் கீழே ஏதோ அசைகிறது என்று மகள் சொன்னாள், மூன்று மணிக்கு ஒரு மஞ்சள் தலை. இன்று போகாது. இறகு காய வேண்டும், ஓர் இரவு தாய்க்குக் கீழே இருந்துவிட்டு நாளை விடிய வெளிக்கிடும். தண்ணீர், தீனி எதுவும் வைக்கப் போவதில்லை. எல்லோரும் கேட்கிறீர்கள், ஒன்றும் வைக்கப் போவதில்லை.

மே 23

ஆறு நாற்பதுக்குப் பேடு எழும்பி நின்றது. அடித்தொண்டையில், நாங்கள் ஒரு மாதமாகக் கேட்காத ஒரு மெல்லிய சத்தம் விடாமல் கொடுத்தது. பந்தலுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, ஒன்பது. பத்தாவது முட்டை பொரிக்கவில்லை. அந்த லைற் இரவுதான் காரணமா என்று நினைத்தேன், அப்படியென்றால் ஒன்பது எப்படித் தப்பியது என்றும் நினைத்தேன்.

நேரே வேலிக்குக் கீழே, நேரே தாத்தாவின் குளத்துக்குள். ஒன்பதும் ஒன்றன் பின் ஒன்றாகக் குதித்தன. ஒரு நாள் வயது, நீலத் தண்ணீர், தாத்தா இரவு உடுப்போடு கோப்பிக் கோப்பையோடு நிற்கிறார். ஐந்து நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. நல்ல வடிவு.

பிறகு அந்தரம் தொடங்கியது. வைத்த பலகை வழுக்குகிறது, குஞ்சு பாதி ஏறிச் சறுக்குகிறது. ஓடிப்போய்ப் பழைய துவாயை நனைத்துப் பலகையில் சுற்றி ஆணி அடித்துத் திரும்ப வைத்தேன். பேடு மறுகரைக்குப் போய்விட்டது. பலகையை மறுகரைக்குக் கொண்டுபோனேன். பேடு இந்தக் கரைக்கு வந்துவிட்டது. இப்படி நாற்பது நிமிடம் நானும் பலகையும் குளத்தைச் சுற்றினோம். ஒரு குஞ்சு தனியாக மூலையில் நின்று கீச்சிட்டது, நீந்துகிற வேகம் குறைந்துகொண்டு வந்தது. வலை இருக்கிறது, அள்ளட்டா என்று தாத்தா கேட்டார். நான் வலையைக் கையில் எடுக்க, மேல்மாடி யன்னலிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, உங்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறது, உள்ளே வாங்கோ!"

இரண்டு பேரும் அவருடைய குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். எட்டு நிமிடம் செல்லவில்லை. பேடு பறந்து கரையில் ஏறி, பலகைத் தலைப்பில் நின்று கூப்பிட்டது, துவாயில் கால் பிடித்து ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கடைசியாக அந்த மூலைக் குஞ்சு. தாத்தா என் தோளில் தட்டின தட்டில் கோப்பி சிந்தியது.

பிறகு நடை. மழைநீர்க் குளம் அரைக் கிலோமீற்றர். வாகனத்தின் றப்பர் கால்மிதி இரண்டை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்த் தெருவோர வடிகால் கம்பி மூடிகளை மூடினேன், குஞ்சு அந்தக் கம்பி இடைவெளிக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. (இது பேய்த்தனம் இல்லை, இந்தக் காலத்தில் இப்படி விழுகிற குஞ்சுகள் நிறைய.) தெருவைக் கடக்கும்போது ஒரு பஸ் தானாகவே நின்றது. சாரதி இறங்கிப் படம் எடுத்தார். நான் ஐம்பது அடி பின்னால். எட்டே காலுக்குக் குளத்தில் இறங்கின, ஒன்பதும்.

மே 24

இரவு யோசித்ததில் இரண்டு விடயம்.

ஒன்று, நேற்று ஏதோ நான் காப்பாற்றின மாதிரி எழுதியிருக்கிறேன். பலகை வேண்டியிருந்தது, கால்மிதி வேண்டியிருந்தது. நான் குளத்தடியில் நின்ற நாற்பது நிமிடம் வேண்டியிருக்கவில்லை. வலையால் அள்ளியிருந்தால் தாய் வெருண்டு பறந்து, ஒன்பது குஞ்சும் கிடக்கிற வாளியோடு நான் நின்றிருப்பேன். பிறகு காட்டு விலங்கு மீட்பு மையத்துக்குத் தொலைபேசி, அது இது. குஞ்சு உண்மையாகவே அநாதை என்றால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும், வீட்டில் குளியல் தொட்டியில் விட்டு வளர்க்கப் பார்க்காதீர்கள். தாயின் சூடு இல்லாமல் நனைந்த குஞ்சு குளிரிலேயே செத்துவிடும்.

மற்றது, மிஞ்சின பத்தாவது முட்டையை நினைவுக்கு எடுத்து வைப்போமா என்று மகள் கேட்டாள். சட்டம் விடாது என்றேன். விடிய அது இல்லை. றக்கூன்.

கத்தரி நட்டாயிற்று.

மே 30

குளத்தில் ஏழு. ஒரு சிவப்புத்தோள் குருவி என் தலையில் இரண்டு தடவை அடித்துவிட்டது, அதன் கூடு கோரைக்குள் இருக்கிறதாம். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.

ஜூன் 7

ஐந்து. கரையோரச் சரளையில் ஒரு பெரிய கடிஆமை முட்டையிடக் குழி தோண்டிக்கொண்டிருந்தது, இரண்டு குஞ்சின் கணக்கு அதனிடம் இருக்கலாம், அல்லது கடற்பறவையிடம், அல்லது நரியிடம். மகள் ஆமையோடு கோபம். ஆமையும் வசந்தம் பார்க்க வந்ததுதானே என்றேன், அது எடுபடவில்லை. எனக்கும் எடுபடவில்லை. மல்லார்ட் பத்து முட்டை இடுவதே இந்தக் கழிவுக்குத்தான், முதல் இரண்டு கிழமையில்தான் பெரும்பாலும் போகும் என்று தெரிந்தாலும், ஒவ்வொரு பின்னேரமும் எண்ணும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

கோரைக்குள் செத்துக் கிடந்த பெரிய தாரா ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, புதைக்கட்டா என்று ஒருவர் கேட்டார். கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். 2022 இலிருந்து ஒன்ராறியோவில் பறவைக் காய்ச்சல் காட்டுத் தாராக்களிலும் வாத்துகளிலும் திரிகிறது. நகரசபைக்கு அறிவித்துவிட்டு விலகுங்கள்.

ஜூன் 21

வாசலில் நிற்கிற ஜூன்பெரி மரம் பழுத்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன் நட்டது, இந்த மண்ணுக்குரிய மரம். றொபினும் சீடர் வாக்ஸ்விங்கும் நாலு நாளில் துடைத்துவிடும், எங்களுக்கு ஒரு கிண்ணம் கிடைத்தால் அதிகம். இரவில் மின்மினி. தாரா இழையில் ஏன் மரம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஜூலை 12

குளத்தடியில் ஒரு அம்மா, பச்சைத் தலைத் தாரா எல்லாம் செத்துவிட்டது போல, ஒன்றையும் காணவில்லை என்று கவலைப்பட்டா. அங்கேயேதான் நிற்கிறார்கள். கோடையில் ஆண்கள் இறகை உதிர்த்துப் பேடு மாதிரி மண்ணிறமாகிவிடுவார்கள், செட்டையின் பெரிய இறகுகளும் ஒன்றாக விழுவதால் சில கிழமை பறக்கவும் முடியாது, கோரைக்குள் ஒளிந்து திரிவார்கள். அலகைப் பாருங்கள்: மங்கின மஞ்சள் என்றால் ஆண், செம்மஞ்சளில் கறுப்புப் படிந்திருந்தால் பேடு.

ஐந்தும் இருக்கின்றன. தாயளவு வளர்ந்துவிட்டன, எது தாய் என்று தெரியவில்லை. ஒன்று தண்ணீரில் ஓடி, செட்டை அடித்து, பத்து அடி எழும்பி, கோரைக்குள் விழுந்தது. ஐம்பது அறுபது நாளில் பறக்கும் என்ற கணக்குக்கு இன்று ஐம்பத்தோராவது நாள், இந்தத் தடவை சரியான திகதியிலிருந்து எண்ணினேன்.

ஏஜாக்ஸ் அக்கா, நீங்கள் கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்தான், உங்கள் சோடிக்கு என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த வருடமும் பாகல் நன்றாகப் படர்ந்திருக்கிறது. ஒக்டோபரில் பந்தலை வெட்டப் போவதில்லை. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.